முதல் பிராக்டிகல் ஷூட்டிங் மேட்ச்: எந்தத் துப்பாக்கி, என்னென்ன சாமான்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி வார்க்கும் ஞாயிறுகளில், அண்டா கழுவிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒரு தம்பி பக்கத்தில் வந்து கேட்பான்: "அண்ணா, நீங்கள் போகிற அந்த ஓடி ஓடிச் சுடுகிற மேட்சுக்கு நானும் வரணும். எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இப்படிக் கேட்ட தம்பிகள், தங்கைகள், ஓய்வு பெற்ற மாமாக்கள் எல்லோருக்கும் நான் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். துப்பாக்கியைக் கடைசியாக வாங்குங்கள் என்பதைத்தான் எல்லோரிடமும் முதலில் சொல்வேன். காரணம் போகப் போகத் தெரியும்.

பிராக்டிகல் ஷூட்டிங் என்றால் என்ன?

ஒரே இடத்தில் நின்று வட்டத்தைக் குறிபார்க்கும் விளையாட்டு அல்ல இது. ஒவ்வொரு ஸ்டேஜிலும் தடுப்புகள், ஜன்னல்கள், அட்டை டார்கெட்டுகள், இரும்புத் தகடுகள் வைத்திருப்பார்கள். டைமர் பீப் அடித்ததும் ஹோல்ஸ்டரிலிருந்து (இடுப்பில் மாட்டும் உறை) துப்பாக்கியை எடுத்து, நகர்ந்துகொண்டே சுட்டு முடிக்க வேண்டும். சின்ன ஸ்டேஜுக்கு அதிகபட்சம் 12 ரவுண்ட், நடுத்தரத்துக்கு 24, பெரியதற்கு 32.

உலக அமைப்பான ஐ.பி.எஸ்.சி. 1976இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கொலம்பியா நகரில் தொடங்கியது. இங்கே தென்னாப்பிரிக்காவில் அதை நடத்துவது சாப்ஸா என்ற தென்னாப்பிரிக்க பிராக்டிகல் ஷூட்டிங் சங்கம். 2002இல் உலகப் போட்டி பீட்டர்ஸ்பர்க்கில், அதாவது இன்றைய பொலொக்வானேயில் நடந்தது. 2025இல் மறுபடியும் நம் நாட்டுக்கு வந்து மட்லோசானாவில் நடந்தது. உலகத் தரத்தில் சுடுகிறவர்கள் உள்ளூர் மேட்சில் நம் பக்கத்தில் நின்று, டார்கெட்டில் குண்டு பட்ட ஓட்டைகளை ஒட்டுவதைப் பார்க்கலாம்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

எடுத்த புள்ளிகளை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுப்பார்கள். அதற்கு ஹிட் ஃபேக்டர் என்று பெயர். அட்டையின் நடுப்பகுதியான ஏ-க்கு 5 புள்ளி. மைனர் (பலம் குறைந்த தோட்டா) கணக்கில் சி-க்கு 3, டி-க்கு 1. 12 ரவுண்ட் ஸ்டேஜில் ஒருவர் 12ஐயும் ஏ-யில் போட்டு 60 புள்ளி எடுக்கிறார், ஆனால் 12 விநாடி ஆகிறது: 5.0. இன்னொருவர் 10 ஏ, 2 சி என 56 புள்ளி எடுத்து 8 விநாடியில் முடிக்கிறார்: 7.0. இரண்டாமவர்தான் முன்னால்.

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் வேகமாகச் சுடலாம் என்று தோன்றும். ஆனால் குறி தவறினால் அந்த 5 புள்ளி போவதோடு 10 புள்ளி அபராதமும் உண்டு. சுடக்கூடாத வெள்ளை அட்டையில் பட்டாலும் 10. முதல் மேட்சில் நடந்து போய்ச் சுடுங்கள், ஓட வேண்டாம். அப்படிச் சுட்டவர்கள்தான் என் கண்ணெதிரே ஆறு மாதத்தில் நன்றாக முன்னேறினார்கள்.

லைசென்ஸ் இல்லாமல் முதல் மேட்சுக்கு வர முடியுமா?

முடியும். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் (2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் சட்டம்) 22ஆம் பிரிவுப்படி, லைசென்ஸ் உள்ளவர் தன் நேரடிக் கண்காணிப்பில் இன்னொருவரைத் தன் துப்பாக்கியால் சுட விடலாம். அவர் உங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். துப்பாக்கியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. மீதியான தோட்டாக்களைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வரவும் கூடாது. அந்தத் தோட்டாவுக்கு ஏற்ற துப்பாக்கி லைசென்ஸ் இல்லாதவர் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் குற்றம்தான். காரில் உருண்டு கிடந்த ஒன்றாக இருந்தாலும் சரி. வீட்டுக்குக் கிளம்பும் முன் பாக்கெட்டைத் தடவிப் பாருங்கள்.

நான் அறிந்த கிளப்புகள் புதியவரை நேராக மேட்சில் விடுவதில்லை. முதலில் ஒரு அறிமுகப் பயிற்சி வைப்பார்கள். அதற்குப் போங்கள். அங்கே மூன்று நான்கு விதமான துப்பாக்கியைக் கையில் பிடித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும். கடைக் கவுன்டரில் பத்து நிமிடம் நின்று தெரிந்துகொள்வதைவிட அங்கே அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

சொந்தத் துப்பாக்கிக்கு என்ன வழி?

21 வயது ஆகியிருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சட்டப் பாடத்தையும் கைத்துப்பாக்கிப் பாடத்தையும் முடித்து, போலீஸிடம் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது வந்தபிறகு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி லைசென்ஸ். சட்டத்தின் எந்தப் பிரிவில் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். 13 தற்காப்புக்கு, அது 5 ஆண்டு செல்லும். 15 எப்போதாவது சுடும் விளையாட்டுக்காரருக்கு. 16 அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் உறுப்பினராகித் தொடர்ந்து போட்டியிடும் 'டெடிகேட்டட்' ஷூட்டருக்கு. 15, 16 இரண்டும் 10 ஆண்டு செல்லும். காலாவதிக்கு 90 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சாதாரண லைசென்ஸுக்கு ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாதான் வைத்திருக்கலாம். டெடிகேட்டட் ஷூட்டருக்கு அந்த வரம்பு இல்லை. அங்கீகரிக்கப்பட்ட ரேஞ்சிலேயே (சுடும் இடம்) வாங்கி அங்கேயே சுட்டுத் தீர்ப்பது இந்தக் கணக்கில் வராது.

பணம் கட்டி வாங்கினாலும் லைசென்ஸ் வரும்வரை துப்பாக்கி கடைக்காரரிடம்தான் இருக்கும். மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். அந்த மாதங்களை வீணாக்காமல் இரவல் துப்பாக்கியில் சுட்டுப் பழகுங்கள். துப்பாக்கியைக் கடைசியாக வாங்கச் சொன்னதற்கு இது ஒரு காரணம்: எது உங்களுக்குப் பொருந்தும் என்று தெரிவதற்கு முன்பே ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டால், மாற்ற நினைக்கும்போது எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தாத்தா வைத்திருந்த பிஸ்டல் வீட்டில் இருக்கிறது. அதைக் கொண்டு வரலாமா?

கூடாது. தாத்தாவின் லைசென்ஸ் உங்கள் லைசென்ஸ் ஆகாது. அதை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கவே வேண்டாம். உயிலை நிறைவேற்றுபவர் மூலமாக லைசென்ஸ் பெற்ற ஒரு டீலரிடம் பேசி, சட்டப்படி ஒப்படைத்து, உங்கள் பெயரில் விண்ணப்பியுங்கள்.

எந்த டிவிஷனில் சுடுவது?

புரொடக்ஷன். தொழிற்சாலையில் செய்தபடியே உள்ள துப்பாக்கிகளுக்கான பிரிவு இது. ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்ப்புக் கருவி) கிடையாது, பீப்பாயின் முனையில் எதுவும் மாட்டக் கூடாது, பீப்பாய் 127 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மேகசினில் (தோட்டா அடைக்கும் கூடு) 15 தோட்டாவுக்கு மேல் போடக் கூடாது. 17 கொள்ளும் மேகசின் இருந்தாலும் 15 எண்ணித்தான் போட வேண்டும். கை மறந்து 16 போட்டு அது தெரிந்துவிட்டால் உங்களை ஓபன் டிவிஷனுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே பந்தயத்துக்கென்றே செய்த துப்பாக்கிகளோடு போட்டி போட வேண்டியிருக்கும்.

பார்வை மங்கத் தொடங்கிய மாமாக்களுக்கு மட்டும் ரெட் டாட் வைக்க அனுமதிக்கும் புரொடக்ஷன் ஆப்டிக்ஸ் சொல்வேன். ஐம்பது தாண்டியபின் முன் சைட் (பீப்பாய் முனையிலுள்ள குறிமுனை) மங்கலாகத் தெரிவது இயல்பு. ரெட் டாட்டில் டார்கெட்டை மட்டும் பார்த்தால் போதும். ஸ்டாண்டர்ட், கிளாசிக், ரிவால்வர் என்ற மற்ற டிவிஷன்கள் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, எந்தத் துப்பாக்கிதான் வாங்குவது?

9 மில்லிமீட்டர். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. தோட்டா எங்கும் கிடைக்கும், விலை குறைவு, உதைப்பும் குறைவு. புரொடக்ஷனில் எதைச் சுட்டாலும் மைனர் கணக்குத்தான் என்பதால், பெரிய காலிபர் வாங்கி ஒரு பயனும் இல்லை.

நம் ரேஞ்சுகளில் அதிகம் கண்ணில் படுவது இரண்டு வகை. ஒன்று கிளாக் 17 போன்ற பாலிமர் உடல் கொண்டவை: காலியாக 630 கிராம் அளவுதான். மற்றொன்று சீ.இசட். ஷேடோ 2 போன்ற முழு எஃகு: காலியாகவே 1330 கிராம் அளவு. இரண்டு மடங்குக்கு மேல். அந்தக் கனம்தான் உதைப்பை விழுங்கிக்கொள்கிறது. ஷேடோவில் ஐந்து ரவுண்ட் வேகமாகச் சுட்டால் முன் சைட் எழும்பி அதே இடத்துக்கு வந்து உட்காரும். கிளாக்கில் அதே வேகத்தில் சுட்டால் பிடி சரியாக இல்லை என்பதை அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியென்றால் ஷேடோதானே நல்லது என்று கேட்பீர்கள். போட்டிக்கு நல்லதுதான். ஆனால் புதியவர் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஷேடோவில் புரொடக்ஷன் சுடும்போது ஹேமர் (பின்னால் உள்ள சுத்தியல்) கீழே இருந்தபடிதான் தொடங்க வேண்டும். அதாவது சேம்பரில் (பீப்பாயின் தோட்டா அறை) உயிர்த்தோட்டா இருக்கும்போது, ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, ட்ரிக்கரை அழுத்தி, மெதுவாகக் கீழே விட வேண்டும். வியர்த்த விரல் வழுக்கினால் துப்பாக்கி வெடிக்கும், அந்த இடத்திலேயே மேட்சிலிருந்து வெளியேற்றுவார்கள். டர்பனில் ஜனவரி மாத ஈரப்பதத்தில் கை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பயிற்சித் தோட்டாவில் நூறு முறை பழகாமல் இதைச் செய்யாதீர்கள். பழகும்போதும் துப்பாக்கியின் வாய் குண்டைத் தடுக்கும் மண்மேட்டைப் பார்த்தே இருக்கட்டும். அதோடு முதல் குண்டுக்கு ட்ரிக்கர் நீளமாகவும் கனமாகவும் இருக்கும், இரண்டாவதிலிருந்து இலேசாகிவிடும். இரண்டையும் பழக வேண்டும். கிளாக்கில் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி.

அதனால் என் தீர்ப்பு இது: தற்காப்புக்கென்று 13ஆம் பிரிவில் ஏற்கெனவே ஒரு முழு அளவுள்ள 9 மில்லிமீட்டர் பிஸ்டல் இருந்தால், அதற்கு என்ன பெயர் இருந்தாலும் ஐ.பி.எஸ்.சி. புரொடக்ஷன் பட்டியலில் இருக்கிறதா என்று கிளப்பில் கேட்டுவிட்டு, முதல் ஆண்டு முழுக்க அதிலேயே சுடுங்கள். புதிதாக வாங்குபவர், பணம் குறைவாக இருந்தால் பாலிமர் வகை. பணமும் பழகும் பொறுமையும் இருந்தால் எஃகு வகை.

போலீஸில் வேலை பார்த்த அப்பா வீட்டில் 'இசட்88' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரெட்டா 92 வடிவத்தில் நம் நாட்டிலேயே செய்தது. அது இன்றும் நன்றாகச் சுடும். ஆனால் சின்னக் கைக்குப் பிடி பருமன்.

சின்னக் கை உள்ளவர்களும் பெண்களும் எப்படிப் பார்த்து வாங்குவது?

கடையில் காலியாக இருக்கிறது என்று இருவரும் பார்த்து உறுதி செய்த துப்பாக்கியை, பீப்பாய் உங்கள் முன்கைக்கு நேராக வரும்படி பிடியுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதை ட்ரிக்கரில் படுகிறதா? பிடியை மாற்றாமல் மேகசின் பொத்தானை அழுத்த முடிகிறதா? ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பகுதி) பத்து முறை இழுத்துப் பூட்ட முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் போதும். என் ஸ்குவாடில் (ஒன்றாகச் சுற்றிச் சுடும் குழு) ஒரு அக்கா வந்தார். ஷேடோவின் அந்த நீளமான முதல் ட்ரிக்கர் அவர் விரலுக்கு எட்டவில்லை, ஒவ்வொரு தடவையும் பிடியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிடியின் பின்பட்டையை மாற்றக்கூடிய பாலிமர் துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுத்தோம். அன்றைக்கே குண்டுகள் ஒன்றுகூடி விழத் தொடங்கின.

பெல்ட், ஹோல்ஸ்டர் எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாமா?

இல்லை, இதைத்தான் முதலில் வாங்க வேண்டும். என் முதல் மேட்சில் நான் அலுவலகத்துக்குப் போடும் தோல் பெல்ட்டில், இடுப்பில் செருகும் துடுப்பு வகை ஹோல்ஸ்டரை மாட்டிக்கொண்டு போனேன். பீப் அடித்தது, இழுத்தேன். துப்பாக்கியோடு ஹோல்ஸ்டரும் சேர்ந்து கையில் வந்துவிட்டது. ட்ரிக்கரை மூடியபடி ஒரு பிளாஸ்டிக் கூடு, அதற்குள் லோட் ஆன துப்பாக்கி, என் இடது கை அதைப் பிடுங்க முன்னால் போகிறது. சுடுவதைக் கண்காணிக்கும் ரேஞ்ச் ஆபீசர் "ஸ்டாப்" என்று கத்தி என்னை நிறுத்தினார். நிறுத்தாவிட்டால் என் உள்ளங்கை பீப்பாயின் வாய்க்கு முன்னால் போயிருக்கும். அந்த நொடி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் எல்லோரிடமும் பெல்ட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

வாங்க வேண்டியது இரட்டை பெல்ட். உள்பெல்ட் கால்சட்டை வளையங்களில் கோத்துப் போடுவது, வெளிப்பக்கம் ஒட்டுப்பட்டை இருக்கும். வெளிபெல்ட் விறைப்பானது, அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். சாமான் எல்லாம் வெளிபெல்ட்டில் ஏற்கெனவே மாட்டி இருக்கும். பிடித்து உலுக்கினால் இடுப்பே ஆட வேண்டும், பெல்ட் மட்டும் ஆடக் கூடாது.

ஹோல்ஸ்டர் நீங்கள் முடிவு செய்த துப்பாக்கி மாடலுக்கென்றே வார்த்த கடின பிளாஸ்டிக்காக இருக்கட்டும். ட்ரிக்கர் முழுவதும் மூடியிருக்க வேண்டும். தோளில் மாட்டுவதும் தொடையில் கட்டுவதும் விதிப்படி கிடையாது. புரொடக்ஷனில் துப்பாக்கியும் மேகசின்களும் இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும். பெல்ட்டின் உள்பக்கத்திலிருந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் விலகி நிற்கக் கூடாது. துணி ஹோல்ஸ்டரை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது மடங்கி, திரும்பச் செருகும்போது ட்ரிக்கருக்குள் போய்விடும்.

எத்தனை மேகசின்?

ஐந்து. துப்பாக்கியில் ஒன்று, பெல்ட்டில் நான்கு. 32 ரவுண்ட் ஸ்டேஜுக்கு மூன்றே போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் இரும்புத் தகட்டைத் தவறவிட்டால் அது விழும்வரை சுட வேண்டியிருக்கும், ஓடும்போது ஒன்று தரையிலும் விழும். மண்ணில் விழுந்த மேகசினைத் துடைக்காமல் மறுபடி போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வையுங்கள். எது அடிக்கடி சிக்குகிறது என்று அப்போதுதான் தெரியும்.

தோட்டா எவ்வளவு, எந்த வகை?

ஒரு கிளப் மேட்சுக்கு நூறு ரவுண்ட் அளவில் போகும். 150 எடுத்துப் போங்கள். தோட்டாவின் பலத்தை அளக்கப் பவர் ஃபேக்டர் என்று ஒரு கணக்கு உண்டு: குண்டின் எடையை கிரெயின் என்ற சிறிய எடை அளவிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, பெருக்கி, ஆயிரத்தால் வகுப்பது. மைனருக்கு 125 வேண்டும். 124 கிரெயின் குண்டு நொடிக்கு 1050 அடி போனால் 130.2 வரும், தேறிவிடும். கடையில் வாங்கும் சாதாரண 9 மில்லிமீட்டர் பெட்டிகளுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. வீட்டிலேயே தோட்டா கட்டும் வேலையை முதல் ஆண்டில் தொடாதீர்கள். இன்னொருவர் கட்டிக்கொடுத்ததையும் உங்கள் துப்பாக்கியில் போடாதீர்கள்.

கண், காது, உடை?

கண்ணாடி பக்கவாட்டையும் மூட வேண்டும். இரும்பில் பட்ட குண்டின் துணுக்குகள் பின்னால் தெறிக்கும். காதில் நுரை அடைப்பான், அதன்மேல் காதை மூடும் மஃப், இரண்டும் போடுங்கள். தொப்பிக்கு முன்விளிம்பு இருக்கட்டும். சுட்டதும் வெளியே தெறிக்கும் சூடான வெற்றுத் தோட்டா உறை கண்ணாடிக்கும் புருவத்துக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தால் எப்பேர்ப்பட்டவருக்கும் துப்பாக்கி பிடித்த கை தன்னறியாமல் முகத்துக்குப் போகும். அதே காரணத்துக்காகக் கழுத்து மூடிய டி-ஷர்ட். குர்தி போட்டு வருபவர்கள் அதை உள்ளே செருகிக்கொள்ளுங்கள், துணி ஹோல்ஸ்டருக்குள் போய்விடக் கூடாது. ராணுவப் பச்சைப் புள்ளி உடுப்பு வேண்டாம், விளையாட்டு அமைப்பு அதை விரும்புவதில்லை. மண்ணைப் பிடிக்கும் ஷூ. இரண்டு லிட்டர் தண்ணீர். ஒரு துண்டு.

அன்று ரேஞ்சில் எதற்கு பயப்பட வேண்டும்?

துப்பாக்கியைத் தொடும் நேரத்துக்கு மட்டும். ரேஞ்ச் ஆபீசர் "லோட் அண்ட் மேக் ரெடி" என்று சொல்லும்வரை அது காலியாக, ஹோல்ஸ்டரிலேயே இருக்கும். பையிலிருந்து எடுத்து மாட்டவோ சரிபார்க்கவோ வேண்டுமானால் 'சேஃப்டி ஏரியா' என்று எழுதிய இடத்துக்குப் போங்கள். அங்கே துப்பாக்கியைக் கையாளலாம், ஆனால் தோட்டாவைக் கையால் தொடவே கூடாது, பயிற்சிக்கான போலித் தோட்டாவாக இருந்தாலும். புதியவர்கள் மேட்சிலிருந்து வெளியேற்றப்படுவது பெரும்பாலும் மூன்று காரணங்களால்: துப்பாக்கியின் வாய் 90 டிகிரியைத் தாண்டிப் பின்பக்கம் திரும்புவது, நகரும்போது விரல் ட்ரிக்கர் வளையத்துக்குள் இருப்பது, தவறுதலாக வெடிப்பது. வலது கைக்காரர் இடதுபக்கம் ஓடும்போதும், மேகசின் மாற்றும்போதும் வாய் எங்கே பார்க்கிறது என்பதில் கவனம் வையுங்கள்.

சுட்டு முடித்ததும் "இஃப் யூ ஆர் ஃபினிஷ்ட், அன்லோட் அண்ட் ஷோ கிளியர்" என்பார். மேகசினை எடுத்து, சேம்பரைத் திறந்து காட்டி, "இஃப் கிளியர், ஹேமர் டவுன், ஹோல்ஸ்டர்" என்றதும் மண்மேட்டைப் பார்த்து ட்ரிக்கரை அழுத்தி, செருகுங்கள். அவசரப்படாதீர்கள், அப்போது டைமர் ஓடுவதில்லை. ஸ்குவாடில் எல்லோரிடமும் "இது என் முதல் மேட்ச்" என்று சொல்லிவிடுங்கள். அதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். உங்களை நடுவில் சுட வைத்து, முன்னால் போகிறவர்களைப் பார்க்க விடுவார்கள்.

வீட்டில் பழகலாமா?

தோட்டா வேறு அறையில் பூட்டியிருந்தால் மட்டும். மேகசின், சேம்பர் இரண்டையும் விரல் விட்டுப் பாருங்கள். பிறகு எடுப்பதையும் மேகசின் மாற்றுவதையும் தினம் பதினைந்து நிமிடம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள்.

மேட்ச் முடிந்ததும்?

துப்பாக்கியை ஹோல்ஸ்டரில் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். பொது இடத்தில் அது முழுவதும் மறைந்திருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகவும் கூடாது.

அப்புறம் கை. தோட்டாவிலும் புகையிலும் ஈயம் இருக்கிறது, அது விரல் இடுக்கில் கருப்பாகப் படிந்திருக்கும். நாம் ரொட்டியையும் பீன்ஸ் கறியையும், ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பும் பன்னி சாவையும் கையால் பிய்த்துச் சாப்பிடுகிறவர்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறப்பதற்கு முன் சோப்புப் போட்டு, சூடில்லாத தண்ணீரில், நகக்கண்வரை தேய்த்துக் கழுவுங்கள். அந்த டி-ஷர்ட்டோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். மாற்றிக்கொண்டு தூக்குங்கள்.

கடற்கரை ஊர் என்பதால் வியர்வை உப்பும் ஈரமும் சேர்ந்து எஃகில் துரு சீக்கிரம் பிடிக்கும். அன்று இரவே துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு பெட்டகத்தில் வைத்துப் பூட்டுங்கள். மேகசின்களை மறுநாள் பிரித்து மண்ணைத் தட்டினால் போதும்.